டயருக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம்

முதல் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். காலை ஷிஃப்ட் பெண்களை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஜெலுத்தோங்கில் எங்கள் கம்பெனி வொர்க்‌ஷாப்பில் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். முன் டயரை ஒட்டி, குங்குமம் தடவி, வட்டமாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு நல்லது செய்வதற்காக இதுவரை யாரும் எலுமிச்சம்பழம் வாங்கியதில்லை. செய்வினைதான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். கையால் தொடாமல் ஒரு குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விழவைத்தேன்.

இந்தச் சந்தேகப் புத்தி பிறவியில் வந்ததல்ல. கெடாவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். வேலை தேடி ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்கு வந்தேன். இறங்கியதும் ஒருவர், "தம்பி, வேலையா? நான் காட்டுறேன் வா, பைய குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்றார். பையோடு போனவர் இன்னும் வேலை காட்டவில்லை. அன்றிலிருந்து நான் யாரையும் நம்பியது கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி, லாரியில் அட்டெண்டராக ஓடி, லைசென்ஸ் எடுத்து, ஃபேக்டரி பஸ் டிரைவர் ஆனேன். பேரன் பிறந்த பிறகும் ஓட்டினேன். பஸ்ஸில் வரும் பெண்கள் என்னைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

யார் வைத்தது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. கொஞ்ச நாளுக்கு முன்புதான் ஃபேக்டரிக்காரர்கள் இரண்டு ரூட்டை ஒன்றாக்கியிருந்தார்கள். பாயா தெருபோங் மேட்டில் ஏறி இறங்கும் ரூட். டிரைவர் ஒருவர் போதும். நானா, மற்ற ரூட்டை ஓட்டிய முனியாண்டியா என்று பேச்சு வந்தபோது எங்கள் கம்பெனி பாஸ் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, உங்க அனுபவத்துக்கு இந்த ரூட் உங்களுக்குத்தான்" என்றார். முனியாண்டி ஸ்பேர் டிரைவர் ஆனான். அதிலிருந்து அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேறு யார் வைப்பார்கள்?

பழம் நிற்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வரும்போதெல்லாம் டயருக்கு முன்னால் ஒன்று இருந்தது. நானும் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில்தான் பஸ்ஸும் சரியில்லாமல் போனது. மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தால், நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பாஸிடம் சொன்னேன்.

"பிரேக் லைனிங் போன வாரந்தான் மாத்துனோம் பெரியவரே. வயசாயிருச்சு, கால்ல பலம் கொறஞ்சிருக்கும் லா" என்று சிரித்தார்.

லைனிங் புதுசு என்றால் கோளாறு வேறு எங்கே இருக்கும்? எலுமிச்சம்பழத்தில்தான். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கி ஸ்டியரிங்கில் கட்டினேன். முனியாண்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று ஒருநாள் சாப்பிடப் போவதுபோல் போய், பின் கதவு வழியாக ஏறி, கடைசி சீட்டில் படுத்துக்கொண்டேன்.

சிலிப்பர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வந்தது முனியாண்டி இல்லை. எங்கள் மெக்கானிக் ஆ ஹுவாட். தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, பழத்தை டயருக்கு முன்னால் வைத்து, ஒரு கும்பிடும் போட்டார்.

"டேய்! முனியாண்டி உனக்கு எவ்ளோ குடுத்தான்?" என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

ஆ ஹுவாட் பயப்படவில்லை. "என்ன முனியாண்டி? ஆயுத பூசைக்கு நீதானே அண்ணே டயருக்கு வைப்ப! ஏறி நசுங்குனா கெட்டது போயிரும்னு நீதானே சொன்ன!"

"இன்னிக்கு ஆயுத பூசையா?"

அவர் ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "லைனிங் தேஞ்சு போச்சு அண்ணே. மாத்தணும்னு பாஸ்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அடுத்த மாசம், அடுத்த மாசம்ங்கிறாரு. உன்கிட்ட சொன்னா வேலைய விட்டுப் போன்னுட்டாரு. பொண்ணுங்கள ஏத்திக்கிட்டு நீ அந்த மேட்டுல போறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

"நான் அதையெல்லாம் சாக்கடையில தள்ளிட்டேனே!"

"அட பாவி! பழம் என்ன வெல விக்குது தெரியுமா?"

சாவி

நேராக ஆபீஸுக்குப் போய்ச் சாவியை மேசையில் வைத்தேன். மத்தியான ஷிஃப்ட் பெண்கள் ஃபிளாட் வாசலில் காத்திருக்கும் நேரம் அது.

"இன்னிக்கு மட்டும் ஓட்டிருங்க பெரியவரே, மெதுவா போனா ஒண்ணும் ஆகாது" என்றார் பாஸ்.

"நீங்க ஓட்டுங்க பாஸ். நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

அவர் சாவியைத் தொடவில்லை. ஃபோனை எடுத்து முனியாண்டியைக் கூப்பிட்டார். அவன் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனான். பின்னாலேயே ஓடி விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ரூட்டு கையவிட்டுப் போகுதுன்னதும் கதை கட்டுறீங்களா?"

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். "நம்ப வேணாம்பா. கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ பிரேக்க மிதிச்சுப் பாரு. உன் பிள்ளைங்களுக்காகப் பாரு" என்று கெஞ்சினேன்.

வொர்க்‌ஷாப் தரை கேட் பக்கமாகச் சரிந்திருக்கும். முனியாண்டி பஸ்ஸை நகர்த்தி, மிதித்தான். பஸ் நிற்கவில்லை. உருண்டு போய்த் தகர வேலியில் இடித்துத்தான் நின்றது. அவன் இறங்கி வந்து முன் டயர் பக்கம் குனிந்து பார்த்தான்.

"பாஸ் ரூட்ட உங்களுக்கு ஏன் குடுத்தாரு தெரியுமா அண்ணே?" என்று கேட்டான். "மாத்திட்டேன்னு சொன்னா, கழட்டுன பழைய லைனிங்க காட்டுங்கன்னு நான் கேப்பேன். நீங்க கேக்க மாட்டீங்க."

அவன் சொன்னது சரி. எலுமிச்சம்பழத்தை, முனியாண்டியை, கடைசியில் ஆ ஹுவாட்டையும் சந்தேகப்பட்டேன். ரூட் கொடுத்து, மரியாதையாகப் 'பெரியவரே' என்று கூப்பிட்டவரை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பெண்களை வேறு கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போனது. அந்த மாதமே, வயதாகிவிட்டது என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

புதிதாக ஃபேக்டரி பஸ் ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்ட்ஸ் மாற்றியாச்சு என்று யார் சொன்னாலும் கழற்றிய பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது பெண்கள் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். அந்த மேட்டில் இறங்கும்போதும் தூங்கிக்கொண்டுதான் வந்தார்கள். பிரேக் எப்படி இருக்கிறது என்று அவர்களில் ஒருத்திகூட என்னிடம் கேட்டதில்லை. அவர்களுக்காக நான்தான் கேட்டிருக்க வேண்டும்.