எக்ஸ்டென்ஷனைத் தூங்க வைப்பது எப்படி

அக்கம்பக்கத்தாரின் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கும் தொழிலில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. நன்றி மட்டும் உண்டு, அதுவும் இரண்டாம் டிகாஷன் மாதிரி.

உங்கள் வீட்டிலும் 'அவளைக் கேளு, அவளுக்கு இதெல்லாம் தெரியும்' என்று ஒருத்தி பேர் வாங்கியிருப்பாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு சாப்ட்வேர் இன்ஜினியர்கள். பகலில் ஒருவரும் கையில் அகப்படமாட்டார்கள். அகப்படுகிறவள் நான், இல்லத்தரசி. எனக்குத் தெரிந்த வித்தையும் ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் பிரவுசரில் எதையாவது ஒட்ட வைத்திருப்பார்கள். விளம்பரத்தை மறைக்க ஒன்று, கூப்பன் தேட ஒன்று, எதற்கென்றே மறந்துபோன ஒன்று. எக்ஸ்டென்ஷன் என்பார்கள். ஏதாவது பக்கம் மக்கர் பண்ணினால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எதை அணைத்ததும் பக்கம் எழுந்துகொள்கிறதோ அதுதான் குற்றவாளி. அணைக்கச் சொல்கிறேன், அழிக்கச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை விளக்கியே என் தொண்டை பாதி போய்விட்டது.

ரேவதியின் சந்தேகம்

மூன்றாவது மாடி ரேவதிக்கு வேலூர் போக டிக்கெட் எடுக்க வேண்டும். பெயரை அடிக்கப் போனால் கூப்பன் பெட்டி ஒன்று குதித்து வந்து கட்டத்தை மூடிக்கொள்கிறதாம். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுங்க அக்கா" என்றாள். தூக்கிப் போட நான் என்ன குப்பை வண்டியா? பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு சுவிட்சாக அவளையே தள்ளச் சொன்னேன்.

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் கம்பெனி வண்டிகள் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தன. திரையில் நீலமாயிருந்த சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் நிறமாயின. கூப்பன் பெட்டியும் போயிற்று, டிக்கெட்டும் கிடைத்தது. ரேவதி எழுந்து போகாமல் அந்தச் சாம்பல் சுவிட்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அணைச்சது நமக்குத் தெரியுது. அதுக்குத் தெரியுமா அக்கா?"

பிலோமினா டீச்சரின் கண்

நான் கான்வென்ட்டில் படித்தவள். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், நான் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த பிலோமினா டீச்சரிடம் மட்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அவர் பேச்சில் நான் நுழைய இடமே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பார்வையில் நடுப்பகுதி புகை மூட்டமாகிவிட்டது. ஓரங்கள் தெரியும், எழுத்து தெரியாது. திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டும் ஒரு எக்ஸ்டென்ஷனை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்.

சனிக்கிழமை காலைகளில் ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கிறார். மாணவர்கள் எல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். இந்த ஊரிலேயே பிறந்து, பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்து மட்டும் தெரியாமல் போனவர்கள். வகுப்பு நடத்தும் பக்கத்தைப் புதிதாக மாற்றினார்களாம். அன்றிலிருந்து டீச்சர் உள்ளே போனால் வெறும் வெள்ளைத் திரை. தொடர்ந்து வகுப்பு நின்றுபோக, ஏற்பாட்டாளர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்: இந்தச் சனிக்கிழமையும் இப்படியே ஆனால் ஓசூரில் வேறொரு அம்மா தயாராக இருக்கிறார். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தார் டீச்சர். "ஸ்கூல் அனுப்பிடுச்சு, கண்ணு அனுப்பிடுச்சு. இதுவும் போச்சுன்னா எனக்குச் சனிக்கிழமைன்னு ஒண்ணு இருக்காது நிர்மலா."

எங்கள் வீட்டு நிபுணர்

என் கணவர் ரகு சாப்ட்வேரில் பெரிய பதவியில் இருக்கிறார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில், காதில் ஹெட்போனோடு நடமாடும் ஒரு மேகம் அவர். அந்த மேகம் எட்டிப் பார்த்து, "எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போட்டுக்கச் சொல்லு நிம்மி, ஒரு நிமிஷ வேலை" என்றது. மறுபடி போட, டீச்சருக்கு வாசித்துக் காட்டும் அந்த எக்ஸ்டென்ஷன் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். அதோடு, ஊர்ப் பெயர், ஆள் பெயர், ழகரம், ளகரம் என்று அந்தக் குரலுக்கு உச்சரிப்பை ஒவ்வொரு சொல்லாகப் பழக்கி வைத்திருக்கிறார் டீச்சர். அழித்தால் எல்லாம் போகும்.

இவருடைய ஒரு நிமிஷ வேலையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அசோசியேஷன் செக்ரட்டரி கௌடா, மகள் கல்யாணத்துக்குப் பார்த்த மண்டபங்களின் பக்கங்களையெல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷனில் சேமித்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதென்று கூப்பிட்டார். இவர் போய் அதை அழித்தார். கம்ப்யூட்டர் பறந்தது, மண்டபங்களும் பறந்தன. மறுநாள் லிஃப்டில் கௌடா என்னிடம் கைகூப்பிச் சொன்னார்: "மேடம், உங்க யஜமானரு ரொம்ப ஒள்ளேயவரு, நல்லவரு. இனிமே அவரை மட்டும் அனுப்பாதீங்க."

சாம்பல் நிறப் பிற்பகல்

ஆகவே ரகுவை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, டீச்சரும் நானும் உட்கார்ந்தோம். ஒன்றை அணைப்போம், பக்கத்தைத் திறப்போம், வெள்ளை. இன்னொன்றை அணைப்போம், வெள்ளை. நடுவில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் செருகும். மழை பிடித்துக்கொண்டது. எதிர்க் கட்டடங்கள் கரைந்துபோய், எங்கள் மேசை மட்டும் எங்கோ மிதப்பது போலிருந்தது. திரையில் நான் எதைத் தொட்டாலும் அந்தக் குரல் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது. யாருடைய குரலும் இல்லாத குரல். அவசரமே தெரியாதது. எனக்கு இப்படி ஒருத்தி வாய்த்திருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்கமாட்டேன் என்றுகூடத் தோன்றியது.

மிச்சம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. சுவிட்சைத் தள்ளினேன். பக்கம் பளிச்சென்று திறந்தது: கரும்பலகை, மாணவர் பெயர்கள், எல்லாம். கண்ணாக இருந்ததுதான் கதவையும் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த வகுப்புப் பக்கத்தில் மட்டும் அது வாய் திறக்காதபடியும், மற்ற இடங்களில் வழக்கம்போல் வாசிக்கும்படியும் மாற்றி வைத்தேன். டீச்சர் தலையை லேசாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நிறுத்திட்டியா? திடீர்னு ரூம் பெரிசாயிட்ட மாதிரி இருக்கு."

சனிக்கிழமை

பக்கம் திறக்கும், ஆனால் மாணவர்கள் எழுதுவதை டீச்சருக்கு யார் படிப்பது? நான்தான், வேறு யார். சனிக்கிழமை காலை அவர் காதருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏற்பாட்டாளரும் உள்ளே வந்து ஓரத்தில் ஒரு சின்னச் சதுரமாக அமர்ந்துகொண்டார். மாணவர்கள் வீட்டுப்பாட வாக்கியங்களை அடித்து அனுப்பினார்கள். நான் படிக்க ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்திலேயே மீதியை ஊகித்து முடித்துவிடுவது என் வழக்கம். மூன்றாவது வாக்கியத்தில் டீச்சர் என் முழங்கையைப் பிடித்தார். "நிர்மலா, நீ வாயை மூடு. எழுதினவங்களே படிக்கட்டும்."

ஒரு சதுரம் தண்ணீர் குடித்தது, ஒரு சதுரம் கேமராவை அணைத்தது. தொம்மலூரிலிருந்து வரும் சந்தோஷ் கடைசியில் வாய் திறந்தான். "டீச்சர், இங்கிலீஷ்ல அடிச்சா போனே தமிழாக்கிடுது. அனுப்பினது நான்தான். ஆனா படிக்க வராது." பரவாயில்லை, தடவித் தடவிப் படி என்றார் டீச்சர். கரண்ட் போன புது வீட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிற மாதிரி அவன் எழுத்து எழுத்தாக நடந்தான். முட்டிக்கொண்டான், திரும்பினான், மறுபடி நடந்தான். அவனுக்குப் பின்னால் ஆனேக்கல் பல் டாக்டரம்மா. அவர் எல்லா எழுத்திலும் முட்டிக்கொண்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எங்கே வழுக்கியது என்று அவருக்குக் காது போதுமாயிருந்தது. அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. ஏதோ கனவில் நடக்கிற மாதிரி, நேரம் போனதே தெரியாமல் வகுப்பு ஓடியது. முடியும்போது ஏற்பாட்டாளர், அடுத்த சனிக்கிழமை கால் மணி நேரம் முன்னாலேயே தொடங்கலாமா டீச்சர் என்று கேட்டார். ஓசூர் அம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

லேப்டாப்பை மூடியதும் டீச்சர் என் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னார்: "இத்தனை மாசமா நான் பாஸ் போட்டது இவங்களுக்கு இல்லடி, அந்தக் குரலுக்கு!"

ஆக, இந்தத் தொழிலுக்குப் படிப்போ பட்டமோ வேண்டாம், எதையும் தூக்கி எறியாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பொறுமை இருந்தால் போதும், அது என்னிடம் அறவே இல்லை என்பதற்கு எங்கள் அடுக்குமாடி முழுக்கச் சாட்சி இருக்கிறது.