மிளகும் நொச்சியும் காய்ச்சிய எண்ணெய்

2025ஆம் ஆண்டு, பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் ஒரகடம் சாலையைப் பனி மூடியிருந்தது. ஏழு மணிக்குள் அது விலகி, வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கியது. அந்தக் காற்றுக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்பவள் பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் வேல்விழி.

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பீடி சுற்றும் தாய்க்கு மூன்றாவது மகளாகப் பிறந்தவள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு இங்கு வந்து, கார்த் தொழிற்சாலையொன்றின் பெயிண்ட் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். வண்ணம் பூசுவதற்கு முன் காரின் உடலைப் பசைத்துணியால் துடைத்துத் தூசு நீக்குவது அவள் வேலை. ஊரில் இருந்தவரை சளி என்று படுத்தறியாதவள். இங்கே தொழிற்பேட்டையின் காலி மனைகளில் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தபோது மூக்கு ஒழுகத் தொடங்கியது. கண் சிவந்தது, அண்ணம் அரித்தது, தும்மல் பத்து, பன்னிரண்டு என்று அடுக்கடுக்காக வந்தது. மருந்துக்கடை மாத்திரை தும்மலை நிறுத்தியதோடு தூக்கத்தையும் கொடுத்தது. நின்றபடியே கண்ணயர்ந்தவளை, ஷிப்டு முடியும்வரை எல்லாரும் பார்க்கும்படி வாசலில் நிறுத்திவைத்தார் சூப்பர்வைசர் ரகுபதி. அன்றோடு மாத்திரையை விட்டாள்.

தும்மலைக் கேட்டு அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்தவரும் அவர்தாம்.

"இன்னாம்மா ஹாரன், டெஸ்டிங் முடிஞ்சிதா?" என்று அவர் கேட்டால் லைன் முழுவதும் சிரிக்கும். வேல்விழியும் சிரித்துவைப்பாள்.

சிரிக்காதவள் ஒருத்திதான்: சசிரேகா. அதே லைனில் அவளுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள். ஒரே அறையில் தங்குபவள். நொச்சி இலையைத் தேடிப் பறித்துவந்து ஆவி பிடிக்கச் செய்தாள். விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டினாள். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவ வைத்தாள். துணியை வெளியில் காயப்போடக் கூடாது என்று அறைக்குள்ளேயே கொடி கட்டினாள். தும்மல் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

முந்தின நாள், திங்கட்கிழமை, ரகுபதி இருவரையும் நிறுத்திவைத்துப் பேசினார்.

"பர்மனென்ட் லிஸ்ட்டு வெள்ளிக்கெழம போவுது. உங்க ரெண்டு பேரு பேரும் கீது. ஆனா ஹாரன், அதுக்குள்ள ஒரு தும்மல் கேட்டேன், உன் பேர நானே அடிச்சிடுவேன். அப்பால ஊருக்குப் போயி பீடி சுத்து."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகவேதான் செவ்வாய்க்கிழமை காலையில், சசிரேகா நல்லெண்ணெயில் மிளகையும் நொச்சியையும் போட்டுக் காய்ச்சி இறக்கினாள். பெயிண்ட் பிரிவுக்குள் எண்ணெய் நுழையக் கூடாது. தலைக்குத் தடவவும் தடை. பிசுக்கு ஒரு பொட்டுப் பட்டாலும் அவ்விடத்தில் வண்ணம் ஒட்டாமல் அம்மைத்தழும்பு போலக் குழி விழும்.

"எண்ணெ கூடாதுன்னு தெரியும்லா, சசி?"

"மூக்குக்குள்ளதானளா விடுதேன், மூஞ்சிலயா பூசுதேன்? மேல மாஸ்க் வேற போடுத. காட்டு."

சுட்டுவிரலை எண்ணெயில் தோய்த்து, இரண்டு மூக்குத்துளைகளிலும் சுற்றித் தடவினாள்.

"எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும். மூக்கு போனாலும் வேல போவக் கூடாது."

பத்து மணிவரை ஒரு தும்மலும் வரவில்லை. பிறகு எண்ணெய் மெல்லக் கசிந்து மேலுதட்டில் இறங்கியது. வேல்விழி மாஸ்க்குக்குள் கையுறை விரலை விட்டுத் துடைத்தாள். அதே கையை அடுத்து வந்த காரின் பானெட்டில் ஊன்றினாள். ஊன்றிய பிறகுதான் உணர்ந்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியின் அடியில் செருகிவிட்டு, புதியது அணிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வண்ணத்தைச் சுட்டு உலர்த்தும் சூளையிலிருந்து வெளிவந்த பானெட்டில் மூன்று குழிகள் இருந்தன. அதை ஒருபுறம் வேல்விழியும் மறுபுறம் சசிரேகாவும் துடைத்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் கிளவுஸக் கழட்டுங்க," என்றார் ரகுபதி.

வேல்விழியின் விரல்களை முகர்ந்து விட்டுவிட்டார். சசிரேகாவின் சுட்டுவிரலுக்கு வந்ததும் நின்றார்.

"இன்னாது இது? ரசம் வச்சினு வந்தியா? எண்ண வாசன அடிக்குது."

"நான் எனக்குத் தடவல, சார்."

மீதியைச் சொல்ல வேண்டியவள் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்ற நம்பிக்கையோடு சசிரேகா திரும்பிப் பார்த்தாள்.

ரகுபதியும் அந்தப் பக்கம் திரும்பினார். "ஹாரன், நீ சொல்லு. ஒரே ரூமுலதான கீறீங்க? காலைல இவ எண்ண தொட்டாளா, இல்லியா?"

மாஸ்க்குக்குள் வேல்விழியின் மூக்கு, இரண்டு மாதங்களில் முதன்முறையாக, அடைப்பின்றி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"தொட்டா, சார்," என்றாள்.