கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, இழை பிணைக்கிறதைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல இப்ப என்ன வெக்கம்?

எழுபதுகள் தொடங்கின நேரம். பிள்ளையார்பாளையத்துல எங்க வீட்டுல அண்ணனுக்கு ஒரு தறி, தம்பிக்கு ஒரு தறி. ஒரு பாவு, அதாவது தறியில நீளவாக்குல ஓடுற இழையெல்லாம், நெய்ஞ்சு முடிச்சதும், அதோட நுனியில புதுப் பாவை ஒவ்வொரு இழையா சேக்கணும். விரல்ல சாம்பல் தொட்டு, ரெண்டு நுனியையும் வெச்சு ஒரு திருகு. இப்படி ஆயிரக்கணக்குல. நடுவுல ஒண்ணு தாண்டிப்போச்சுன்னா அதுக்கப்புறம் எல்லாம் ஜோடி மாறிடும். எங்க வீட்டுல அது பொம்பளைங்க வேலை.

நான் எண்ணி எண்ணித்தான் பண்ணுவேன். கழுத்து மரத்துப்போகும், யாராவது கூப்பிட்டா எரிஞ்சு விழுவேன். அப்பவும் அறுந்து தொலைக்கும். அவளைப் பாருங்க, ரேடியோவோட சேந்து பாடுவா, ஜன்னல் வழியா கீரைக்காரம்மாகிட்ட வாயாடுவா. கண்ணு எங்கியோ, கை பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும். ஒண்ணு தப்பாது! அவ கையை விட்டுட்டா, அது தானாப் போச்சு. நான் என் கையை ஒரு நாளும் விட்டதில்ல, கெட்டியாப் புடிச்சுக்கினே இருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கினு இருந்திருப்பேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் அவங்க அம்மாகிட்ட, "என் தறிக்கும் சின்னவளையே பிணைக்கச் சொல்லும்மா. இவ பிணைச்சா அறுந்துக்கினே இருக்குது"ன்னார். என் புருஷன் தறியில நான் உக்காரக் கூடாதாம்! எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கினு வந்துது.

மறுநாள் காலையில அவ என் வீட்டுக்காரர் தறியில உக்காந்து பிணைச்சுக்கினு இருந்தா. நான் பக்கத்துல போய், தேன் ஒழுகக் கேட்டேன்.

"ஏண்டி, திருகும்போது உனக்குக் கட்டைவிரல் முன்ன போகுதா, ஆள்காட்டி விரலா?"

"அய்யோ, தெரியலியேக்கா!"ன்னு சிரிச்சா.

"பாத்துத்தான் சொல்லேன்."

குனிஞ்சு பாத்தா. ஒரு இழை திருகினா, நின்னா. இன்னொண்ணு திருகினா, அறுந்துது. அதுக்கப்புறம் அவ தலை நிமிரவே இல்ல.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் தறியில உக்காந்து கால் மிதியை அழுத்தினார். இழையெல்லாம் சிக்கிக்கினு, நாடா போக பாவு மேல கீழ பிரிஞ்சு திறக்கவே மாட்டேன்னுது. பிரிச்சுப் பாத்தா, ரெண்டு மூணு எடத்துல தாண்டியிருக்கா. அத்தை, "யார் கண்ணு பட்டுதோ"ன்னு சொல்லி, உப்பும் மொளகாயும் என் கையிலதான் குடுத்தாங்க. நானே அவளுக்குச் சுத்தி அடுப்புல போட்டேன். கண்ணு பட்டிருந்தா நெடி வராதும்பாங்க. வந்துது பாருங்க நெடி, வீடே இருமுச்சு.

"திருஷ்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் கொழுப்பு!"ன்னு அத்தை அவளைப் புடிச்சுக்கினாங்க. அவ அழுதா.

பிணைக்கிற வேலை எனக்கே வந்துது. ரெண்டு தறிக்கும். எண்ணி எண்ணிப் பண்ணேன். அறுந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்லல, வேற ஆள் ஏது?

கொஞ்ச நாள் கழிச்சு அவ வந்து என் பக்கத்துல உக்காந்தா. கொஞ்ச நேரம் என் விரலையே பாத்தா.

"அக்கா, நான் முன்ன எப்படிப் பண்ணிக்கினு இருந்தேன்? நீங்கதானே எப்பவும் பாத்துக்கினே இருப்பீங்க. கொஞ்சம் சொல்லுங்கக்கா."

எனக்குத் தெரியும். அவ எந்த விரலையும் பாக்காம இருந்தா, அவ்ளோதான். 'பாக்காதடி, பாடிக்கினே பண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அவ கை அவளுக்கே திரும்பியிருக்கும்.

"நான் எங்கடி கவனிச்சேன்"ன்னுட்டு அடுத்த இழையை எடுத்தேன்.