மச்சான் இல்லாத பேனர்

எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பம்பு ஓட்டுகிறேன். வீடு செம்மண்டலத்தில். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வரலாம். அப்போதும் அது விழித்திருக்காது.

கூட வேலை பார்க்கிற ஆபரேட்டர் ஒருவர் பென்டிரைவோடு வந்து விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார்.

"எவ்ளோ ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. ஃப்ரீ."

"திருட்டுக் காப்பியா?"

"யோவ், எழுதுனவங்களே எடுத்துக்கோன்னு குடுத்தது. நீயும் நாலு பேருக்குக் குடு, யாரும் கேக்க மாட்டாங்க."

நம்பவில்லை. ஆனால் மெஷின் பட்டென்று எழுந்தது. சிரித்துவிட்டேன். சமையல்கட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். நான் சிரிப்பது ஜாஸ்தி கிடையாது.

படம் செய்கிற ஜிம்ப் என்ற புரோகிராமும் அதில் இருந்தது. மனைவி போட்டோவுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டினேன். எனக்குத் தலைமுடி வைத்தேன். ஒரு வாரம் வேலை விட்டால் நேராக வீடுதான்.

அப்போது மகளுக்குக் காதுகுத்து வந்தது. பேனரை நானே செய்கிறேன் என்றேன். அதிகம் பேசாதவன், அதை மட்டும் எல்லாரிடமும் சொன்னேன்.

சிதம்பரத்திலிருந்து மச்சான் போன் செய்தான். மனைவியின் தம்பி. கிள்ளையிலிருந்து மீன் ஏற்றும் லோடு வண்டி வைத்திருக்கிறான்.

"மாமா, ஓசி கம்ப்யூட்டர்ல ஓசி பேனரா? மூஞ்சி கீஞ்சி கோணலா வந்துடப் போவுது."

"வராது."

எங்கள் பக்கம் விசேஷப் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை. பேனரைத்தான் பார்ப்பார்கள். படம் சின்னதாகப் போனவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். படம் இல்லாதவர் வரவே மாட்டார். தாய்மாமன் படம் எல்லாருக்கும் மேலே பெரிதாக இருக்க வேண்டும். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். அவன் இல்லை என்றால் விசேஷமே இல்லை.

எல்லாரையும் போட்டேன். செத்துப்போன பெரியப்பாவைக்கூட மேகத்துக்குள் வைத்தேன். கடையில் பிரிண்ட் அடித்து, விசேஷத்துக்கு முதல்நாள் காலையில் தெருமுனையில் கட்டினோம். நிமிர்ந்து பார்த்தேன். சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் வானத்தில் நின்றார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன்.

உடனே போன் வந்தது.

"மாமா, செத்தவருக்கு எடம் இருக்கு. எனக்கு இல்லியா?"

பேனரைத் திரும்பிப் பார்த்தேன். நடுவில் பெரிய தாமரை. அதன்மேல் மச்சான் நிற்க வேண்டும். ஆள் இல்லை.

"ஓசி கம்ப்யூட்டரு என்ன மட்டும் முழுங்கிடுச்சா? சரி, அதோட மடியிலயே புள்ளய ஒக்கார வச்சிக் குத்திக்குங்க. நான் வர்ல."

வைத்துவிட்டான். மனைவி ஒன்றும் பேசவில்லை. என்னைவிடக் குறைவாக அவள் பேசினால் விஷயம் பெரியது.

ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஜிம்ப்பில் ஒவ்வொரு படமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தாள்போல் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் படம். அதைத் தட்டினால் அந்தத் தாள் மறையும். தாமரையைச் சரிசெய்ய மச்சானை மறைத்திருந்தேன். திரும்பக் கூப்பிட மறந்துவிட்டேன்.

தட்டினேன். மீசையோடு வந்து நின்றான். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

சும்மா விடக்கூடாது என்று தோன்றியது. அவனைப் பிடித்து இழுத்தேன். பெரிதானான். இன்னும் இழுத்தேன். பெரியப்பா மறைந்தார், நான் மறைந்தேன், தாமரையும் போனது. திரையில் மச்சான் மட்டும் நிறைந்தான். கீழே 'தாய்மாமனே வருக' என்று போட்டேன். மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"மீசய இன்னும் கொஞ்சம் இழுங்க," என்றாள்.

மதியத்துக்குள் அடித்து, சுருட்டி, பைக்கில் கட்டிக்கொண்டு சிதம்பரம் போனேன். மச்சான் வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். நிமிரவில்லை. தெருவில் பேனரை விரித்தேன். அவன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டு வாசல்வரை போனது. ஒரு நாய் மீசையை மிதிக்காமல் சுற்றிப் போனது. பக்கத்து வீடுகளில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

மச்சான் எழுந்து தலையிலிருந்து நடந்து கழுத்துவரை பார்த்தான்.

"மீச இவ்ளோ பெருசா எனக்கு?"

"ஒன் அக்கா வேல."

அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ரோடு என்றும் பார்க்காமல் அவன் கன்னத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சீர்த்தட்டோடும் வெடியோடும் வந்து இறங்கினான். பிள்ளை அவன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கக் கத்தியது. மற்ற சொந்தக்காரர்கள் எங்களுக்கு ஏன் தனிப் பேனர் இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். பந்தி போட்டுச் சமாளித்தோம்.

அந்தப் பேனரை மச்சான் வீணாக்கவில்லை. லோடு வண்டிக்குத் தார்ப்பாயாகக் கட்டிக்கொண்டான். இப்போதும் கடலூருக்கு மீன் ஏற்றி வந்தால் எங்கள் தெரு வழியாகத்தான் போவான். மாடியில் நின்றால் தெரியும். மீன் பெட்டிகளுக்குமேல் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவான் பெரிய மச்சான். உள்ளே உட்கார்ந்து சின்ன மச்சான் ஹாரன் அடிப்பான்.