சீவ வேண்டாத ஹெட்

மூன்றாவது முறையாக வெள்ளைப் புகை கிளம்பியது. போன தடவை நின்ற அதே இடம்தான். ராஜபாளையத்தில் என் பட்டறையில் கட்டிய இன்ஜின், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டதும் சைலன்சர் வழியாகத் தண்ணீரைத் துப்பியது. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் மறுபடியும் போய்விட்டது.

பழைய காலத்து ரேஸ் கார். ஓட்டிவந்த உரிமையாளர் அண்ணாச்சி இறங்கி நின்றார். பக்கத்து இருக்கையில் இருந்த என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழம கோயம்புத்தூர்ல ரேஸ். இன்னொருக்க போச்சுன்னா வண்டிய அங்கனயே ஒரு பட்டறையில விட்டுருவேன். ஒன்னயக் கொற சொல்லல."

சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்பில் விட்டதைப் பயத்தில் ஈடு கட்டுகிறவன். முறுக்கிய போல்ட்டை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். சாப்பிடப் போனவன் பாதியில் திரும்பி வந்தும் பார்ப்பேன். முதல் தடவை ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்கினேன். அது சரி. இரண்டாம் தடவை ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது மட்டமாகவே இருந்தது. இருந்தும் மனசு கேட்காமல் சீவினேன். இப்போது மறுபடியும் லேத் பட்டறை வாசலில் ஹெட்டோடும் அதன் போல்ட்டுகளோடும் நின்றேன்.

"ஏலே, எம்புட்டுத்தான் சீவ? இது ஹெட்டா, தேங்காயா?" என்றான் லேத்காரன். பழைய கூட்டாளி.

"லேசா ஒண்ணு மட்டும் ஓட்டிரு மச்சான். பயமா இருக்கு."

"ஒம் பயத்துக்கு எங்கிட்ட மெஷின் இல்ல. போல்ட்ட எடு, பாப்போம்."

பத்துப் போல்ட்டையும் விளக்குக்குக் கீழே உருட்டினான். நான்கின் நுனி மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"இது எங்கன போயி முட்டுது?"

பட்டறைக்கு ஓடிவந்து, சைக்கிள் கம்பியை பிளாக்கின் துளைக்குள் விட்டு ஆழம் பார்த்தேன். நான் சீவச் சீவ ஹெட் மெலிந்து, போல்ட் கீழே இறங்கி, துளையின் அடியில் முட்டியிருக்கிறது. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொன்னதை நம்பினேன். இறுகியது போல்ட், ஹெட் இறுகவே இல்லை.

லேத்காரன் போல்ட் தலைக்குக் கீழே போட கனமான வாஷர் கடைந்து கொடுத்தான். தடிமனான கேஸ்கட் ஒன்று தேடிப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி சாவியைத் திருகும் முன்பே சொல்லிவிட்டேன். "தப்பு என்னுது அண்ணாச்சி. சீவ வேண்டாததச் சீவுனேன்."

"ஏன்?"

"பயந்துட்டு."

பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினார். "ஏறு. நின்னா நீதான் தள்ளணும்."

கோபுரம் வந்தது. சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. கோபுரம் பின்னால் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் விலக்கில் வண்டியை நிறுத்தினார். புகை இல்லை.

"போல்ட்ட ஒருக்க பாத்துக்கிடவா அண்ணாச்சி?"

"தொட்டேன்னா ரேஸுக்கு ஒன்னயக் கூட்டிட்டுப் போமாட்டேன்."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தேன்.