மொட்டை மாடியிலிருந்து இறங்கிய பூச்சி

தலையணை அடியில் என் கணவர் பிடித்த அந்தப் பூச்சி கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. கறுப்பு உடம்பு, ஓரத்தில் செம்மஞ்சள் கரை, ஊசிபோல் கூரான மூக்கு. என் ரத்தத்தைக் குடித்து அதன் வயிறு உப்பியிருந்தது. எனக்கோ உதடு வீங்கித் தொண்டை இறுகிக்கொண்டிருந்தது. திருப்போரூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். ஊசி போட்ட டாக்டர், அடுத்த கடி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எச்சரித்தார்.

மருந்தடிப்பவரை வரவழைத்துக் கட்டில், மெத்தை, அலமாரி இடுக்கு என்று எல்லா இடத்திலும் அடிக்கச் செய்தோம். சில வாரங்களிலேயே சுவரில் இன்னொன்று ஊர்ந்தது. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் என் தோழியிடம் காட்டினேன். இது எலியை அண்டிப் பிழைப்பது, எலிக்கூட்டில்தான் பெருகும், கூட்டை ஒழிக்காமல் அறைக்குள் மருந்தடித்துப் பயனில்லை என்றாள். தென் அமெரிக்காவில் இதன் இனத்துப் பூச்சிகள் இதயத்தைக் கெடுக்கும் நோயைப் பரப்புமாம். நம் நாட்டில் அந்த நோய் இல்லை என்றும் சொன்னாள். அந்தக் கடைசிச் செய்தியை மட்டும் என் மாமனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மொட்டை மாடியில் பந்தயப் புறாக்கள் வளர்த்தார். புறாக்கள் சிந்தும் கம்புக்கும் சோளத்துக்கும் எலிகள் வந்தன. எலிகளோடு பூச்சியும் வந்தது. கூண்டை எடுக்கச் சொன்னால், "அதான் நோயே இல்லன்னு சொல்லிட்டாங்களே. என்னைக்கூடதான் கடிக்கிது, இன்னா ஆயிடுச்சி?" என்பார். கல்நெஞ்சக்காரர் என்றால் சண்டை போட்டிருக்கலாம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

இரண்டாம் முறையும் கடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் என் கணவர் அவரை மாடிக்கு அழைத்துப்போய்க் கூண்டின் அடிப்பலகையைப் பெயர்த்தார். கந்தல் துணியாலான எலிக்கூட்டில் இறக்கை முளைக்காத பூச்சிக் குஞ்சுகள் மொய்த்தன. மாமா குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு அவரே கூண்டைப் பிரித்தார், பலகைகளைக் கொளுத்தினார், சுவர் ஓட்டைகளை சிமெண்ட் வைத்து அடைத்தார். புறாக்களைக் கோவளத்துச் சிநேகிதரிடம் கொடுத்தார்.

அந்தச் சிநேகிதர் சில வாரங்கள் அடைத்துவைத்துப் பழக்கித் திறந்துவிட்டார். அன்றே எல்லாம் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. இரண்டு நாள் மாமா ஏறிப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் மாடியில் கம்பு சிந்திக்கிடந்தது. கேட்டேன்.

"வூடு தேடி வந்ததை எப்பிடிம்மா தொரத்துறது?"

"நானும் இந்த வீட்டுக்கு வந்தவதானே, மாமா?"

அடுத்த மாதமே நானும் கணவரும் படூரில் வாடகைக்கு ஃபிளாட் பிடித்துப் போய்விட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா இங்கே வருகிறார். யாரும் சொல்லாமலே கதவுக்கு வெளியே நின்று பையைக் கவிழ்த்து உதறுகிறார், சட்டையைத் தட்டிக்கொள்கிறார். கட்டிலில் உட்காருவதில்லை, பிளாஸ்டிக் நாற்காலிதான். அந்தக் கவனத்தில் கொஞ்சம் அந்த மாடியில் காட்டியிருக்கக் கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சோறு போடுவேன். சாப்பிட்டு முடித்ததும் வெயில் தாழ்வதைப் பார்த்து எழுந்துவிடுவார்.

"புறாங்க பசியோட குந்திக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டுவார்.