உனக்கு ஜேர்மனியிலை ஆர் இருக்கினம்?

வெளிநாட்டு மொழி படிப்பிக்கிற தொழிலில் ஒரேயொரு வசதி உண்டு: வாத்தியார் பிழையாகச் சொன்னாலும் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் இடைஞ்சல்தான். மாணவர்கள் இடைஞ்சல், பெற்றோர் அதைவிட இடைஞ்சல், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரையும் விடப் பெரிய இடைஞ்சல். உங்களில் ஆராவது மத்தியான வெயிலில், விசிறி சுத்தாத அறையில் இருந்து பிரெஞ்சோ ஜேர்மனோ படித்திருந்தால், அல்லது என்னைப் போலப் படிப்பித்து மாரடித்திருந்தால், வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

நான் ஜேர்மனியில் கன காலம் இருந்து, அகதி விண்ணப்பம் சரிவராமல் திருப்பி அனுப்பப்பட்ட ஆள். ஊருக்கு வந்து சும்மா இருந்த என்னைக் கொடிகாமப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபர் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு உயர்தரப் பிள்ளைகளுக்கு ஜேர்மன் வகுப்பு. செலவு ஜேர்மனியில் இருக்கிற பழைய மாணவர்களுடையது. கனடாக்காரர் முந்தியிருந்தால் பிள்ளைகளின் விதி வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் கூட்டம்

பெற்றோரைக் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்தினார் அதிபர். ஜேர்மன் மொழியின் அருமை பெருமை பற்றி நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சை ஒருத்தரும் கேட்கவில்லை. முன்வாங்கில் இருந்த ஒரு தகப்பன் எழும்பி, "சேர் ஏன் அங்கையிருந்து திரும்பி வந்தனீங்கள்?" என்றார். உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், புத்தி வேலை செய்யவில்லை.

ஒரு தாய் பக்கத்தில் இருந்தவவின் காதுக்குள் சொன்னது கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது: "இருக்கத் தெரியாம வந்த மனிசன், எங்கடை பிள்ளையளுக்குப் போகப் படிப்பிக்கப் போகுதாம்."

ஏன் படிக்க வந்தனீங்கள்?

முதல் நாள் வகுப்பில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். மொழியில் ஆர்வம், இசையில் ஆர்வம், அட, காற்பந்தில் ஆர்வம் என்றாவது ஒரு பதில் வரும் என்று நினைத்தேன். விசர்தானே எனக்கு. ஒருத்தன் எழும்பி "சித்தப்பா டோட்முண்டிலை" என்றான். அடுத்தவள் "பெரியம்மா ஸ்ருட்காட்டிலை" என்றாள். சுகந்தன் என்கிற பெடியன், மீசை நல்லாய் அரும்பினவன், "மூண்டு மாமாவும் அங்கைதான் சேர்" என்று சொல்லிவிட்டு, சோதினையில் ஏற்கெனவே முதல் ஆளாக வந்தவன் போல இருந்தான்.

கடைசியாக எழும்பினவள் நிலானி. தகப்பன் கொடிகாமச் சந்தையில் மரக்கறி விற்கிறவர். "எனக்கு அங்கை ஒருத்தரும் இல்லை சேர். எனக்கு விருப்பம்" என்றாள். தெற்கில் ஒரு கம்பசில் ஜேர்மன் மொழியே பட்டப்படிப்பாக இருக்கிறதாம், உயர்தரச் சோதினை ஏ.எல். எழுதி அங்கே போய்ப் படித்து, திரும்ப ஊருக்கு வந்து படிப்பிக்க வேணுமாம். வகுப்பு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். மெய்தான், பொய் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் இதை அதிபரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "விருப்பத்துக்கோ? வீட்டிலை ஏதும் பிரச்சினையோ, பாவம்?"

கிறீம்

ஆசிரியர் அறையில் எனக்கு வேறொரு உத்தியோகமும் தந்தார்கள். ஜேர்மனியில் இருந்து வருகிற பார்சல்களில் உள்ள சாமான்களின் லேபிளை வாசிக்கிற உத்தியோகம். ஊரில் அரைவாசி வீடுகளில் என்னவென்று தெரியாமலே எதையோ சாப்பிடுகிறார்கள், எதையோ பூசுகிறார்கள். வெளிநாட்டுச் சாமான் கெடுதல் செய்யாது என்ற ஒரு நம்பிக்கை.

புவியியல் ரீச்சர் ஒருநாள் ஒரு ரியூப்பைக் கொண்டுவந்து தந்தா. மச்சாள் அனுப்பினதாம், முகத்துக்குப் பூசுறதாம், நல்ல பலனாம், அடுத்த தரம் கேட்டு எடுக்கிறதுக்குப் பேர் மட்டும் வேணுமாம். வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். குதிக்கால் வெடிப்புக்குப் பூசுகிற மருந்து என்று மெல்லச் சொன்னேன். ரீச்சர் கன்னத்தைத் தடவிப் பார்த்தா, கதவுப் பக்கம் பார்த்தா, பிறகு என் கையில் இருந்து ரியூப்பைப் பறித்துக்கொண்டு சொன்னா: "பரவாயில்லை சேர், வெடிப்பு வராமலாவது இருக்கும். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சுவிஸ்

பிரதீபன் கெட்டிக்காரன். வகுப்பில் நிலானிக்கு அடுத்த ஆள். மாமா சுவிசில் இருக்கிறார், ஏ.எல். முடியக் கூப்பிடுவார் என்று தாய் சொன்னா. சுவிஸ் என்றால் ஜேர்மன் என்று அவவுக்கு ஆரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் மேலே விசாரிக்கவில்லை. ஒரு வருசம் பெடியன் உயிரைக் கொடுத்துப் படித்தான்.

பிறகு ஒருநாள் மாமா கோல் எடுத்திருக்கிறார். அவர் இருக்கிறது ஜெனீவாவில். அங்கே பிரெஞ்சு. மருமகன் கடை வாசலில் நின்று ஜேர்மன் கதைத்தால் பாண் கூட வாங்கேலாது. தாய் அழுதுகொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தா. ஒரே நாட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மொழி மாறும் என்று விளங்கப்படுத்தினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புடவைக் கடைக்காரரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டா: "அப்ப சேர், இவன் இவ்வளவு நாளும் படிச்சதைப் பிரெஞ்சுக்கு மாத்தித் தரேலாதோ?"

எல்லாரும் அன்னா

எங்கள் பிள்ளைகளுக்கு ரியூசன் கொட்டில்கள் பழக்கின ஒரு கலை இருக்கிறது: பாடமாக்கல். விளங்கவேணும் என்ற அவசியமே இல்லை, வாயில் இருந்தால் போதும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று வாய்மொழிப் பயிற்சி வைத்தேன். புத்தகத்தில் மாதிரிக்கு அன்னா என்றொரு பெண் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சுகந்தன் முதல் ஆளாய் எழும்பி, மீசையைத் தடவிக்கொண்டு, அட்சரம் பிசகாமல் சொன்னான். அவனுடைய பெயர் அன்னா. ஹம்பேர்க்கில் இருக்கிறான். கலியாணம் முடித்துவிட்டான், கணவர் பொறியியலாளர், வீட்டில் ஒரு நாய். அடுத்தவளும் அன்னா. அதற்கடுத்தவனும் அன்னா. அன்றைக்கு எங்கள் தென்மராட்சிப் பகுதி முழுக்க ஹம்பேர்க் பொறியியலாளருக்குப் பெண்சாதிமாராகப் போய்விட்டது.

நிலானி மட்டும் தன் பேரைச் சொன்னாள். அப்பா சந்தையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் விற்கிறார், விடியவே எழும்புகிறார், மழை பெய்தால் கோபப்படுகிறார் என்று தட்டித் தடவிச் சொல்லி முடித்தாள். முருங்கைக்காய்க்கு மட்டும் தமிழ்தான். நான் கைதட்டினேன். சுகந்தனுக்குப் பொறுக்கவில்லை. "சேர், உவ புத்தகத்திலை இல்லாததெல்லாம் சொல்லுறா. உவவுக்குப் புள்ளி குறைக்கோணும்!"

நூரன்பேர்க் மாமா

ஜேர்மனியில் இருந்து பழைய மாணவர் சங்கச் செயலாளர் அதிபருக்குக் கோல் எடுத்தார். வகுப்பில் சனம் கூடவாம், பிரயோசனப்படுகிற பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பிக்கட்டாம். அதிபர் அப்படியே வகுப்புக்கு வந்து அறிவித்தார்: ஜேர்மனியில் சொந்தக்காரர் இல்லாத பிள்ளைகள் நாளையில் இருந்து தையல் வகுப்புக்குப் போகலாம். எனக்கு வந்த கோபத்துக்கு வாயைத் திறந்திருந்தால் இரண்டாம் தரமும் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கம்பசுக்குப் போகவேணும் என்று இருக்கிற ஒரேயொரு பிள்ளையைத் தையலுக்கு அனுப்புகிறதாம்!

நிலானி எழும்பினாள். "எனக்கும் ஒரு மாமா இருக்கிறார் சேர். நூரன்பேர்க்கிலை." நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். அவள் கண் வெட்டாமல் என்னைப் பார்த்தாள். சுவரில் நான் தொங்கவிட்ட வரைபடத்தில் நூரன்பேர்க் அவளுடைய தலைக்கு நேரே மேலே இருந்தது. "ஓம் சேர், நான் அங்கை கண்டு கதைச்சிருக்கிறன். நல்ல மனிசன்" என்றேன்.

அதிபரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை! மாமாவிட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புரொஜெக்டர் கேட்டுப் பாரன்."

மாமா வந்த வினை

நிலானி கொழும்புக்குப் போய் ஜேர்மன் ஆரம்பநிலைச் சோதினை எழுதி, எங்கள் ஆட்களில் மிச்சப் பேரெல்லாரையும் விழுத்திவிட்டு முதலாவதாக வந்தாள். கலியாணம் கட்டி ஜேர்மனிக்குப் போகிற பெண்கள் விசாவுக்காக எழுதுகிறதும் அதே சோதினைதான். போதாதா? தரகர் ஒருத்தர் மோட்டச்சைக்கிளில் நேரே சந்தைக்குப் போய்விட்டார். பிள்ளை சோதினை பாஸ், அங்கே தாய்மாமனும் இருக்கிறார், உடுப்பிட்டி மாப்பிள்ளை ஒருத்தரும் அங்கேயே இருக்கிறார், ஆவணியில் கலியாணம். ஏ.எல். எழுதத் தேவையில்லை, கம்பஸ் ஏன்?

அடுத்த நாள் தகப்பன் ஒரு பை கத்தரிக்காயோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். "சேர், என்ரை மனிசிக்கு நூரன்பேர்க்கிலை ஒரு தம்பி இருக்கிறாராம். இவ்வளவு காலமும் என்னட்டை மறைச்சுப்போட்டாளே!" நடந்ததைச் சொன்னேன். மனிசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கும் நம்பிக்கை வந்தது. கம்பசை மறிக்காதேங்கோ, அவள் கெட்டிக்காரி, இப்படி ஒரு பிள்ளையை நான் படிப்பித்ததே இல்லை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். கண்ணைத் துடைத்துவிட்டு அவர் சொன்னார்: "மாமா பொய்தான் சேர். மாப்பிளை உண்மைதானே?"

வாய்மொழிச் சோதினை

ஞாயிற்றுக்கிழமை நிலானி வீட்டில் மாப்பிள்ளையோடு வீடியோ கோல். அந்த நாட்டைத் தெரிந்த ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய், தரகர், நிலானியின் தாய் தகப்பன், மேசையில் பயத்தம் பணியாரம். நிலானிக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. தொலைபேசியை அவளுக்கு முன்னால் வைத்தார்கள்.

அவள் நிமிர்ந்து இருந்து, ஜேர்மனில் வணக்கம் சொன்னாள். தன் பேரைச் சொன்னாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். "யா, யா" என்றார். சோதினைக்காரர் கேட்கிறது போல அவள் ஒவ்வொரு சொல்லாய் நிறுத்தித் திரும்பவும் கேட்டாள். மாப்பிள்ளை வேர்த்து வழிந்து தமிழுக்கு வந்தார். "அம்மா, அவ என்ன கேக்கிறா எண்டு அந்தச் சேரிட்டைக் கேளுங்கோ."

எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. உணவகக் குசினியில் வேலையாம், கூட நிற்கிறதெல்லாம் எங்கடை ஆட்கள், எப்போது படிக்கிறது? தரகர் உடனே, "அங்கை எல்லாம் தமிழ் ஆக்கள்தான், மொழியே தேவைப்படாது" என்று சமாளித்தார். "அப்ப எனக்கு மட்டும் ஏன் சோதினை?" என்றாள் நிலானி. மாப்பிள்ளையின் தாய் பணியாரத்தைக் கடித்தபடியே வைத்திருந்தா.

தகப்பன் மகளைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்து, சந்தையில் விலை சரிவராத ஆளை அனுப்புகிற அதே மரியாதையோடு சொன்னார்: "தம்பி, குறை நினையாதேங்கோ. நீங்களும் அந்தச் சோதினையை ஒருக்கா எழுதுங்கோ. நீங்கள் பாஸ் பண்ண, என்ரை பிள்ளையும் கம்பஸ் முடிச்சிருப்பாள். அப்ப கதைப்பம்."

தகப்பன் சந்தையில் சொன்ன இந்தக் கதை ஊரெல்லாம் பரவி, மற்றப் பெண்பிள்ளைகளும் வீடியோ கோலில் ஜேர்மனில் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டதால், இப்போது கொடிகாமத்தில் இருந்துகொண்டு இணையவழியாக ஜேர்மனியில் இருக்கிற மாப்பிள்ளைமாருக்கு ஜேர்மன் படிப்பிக்கிறேன்.